வரைவதற்கு முன் வாசிக்கட்டும்

ரேணிகுண்டா சந்திப்பில் நான்கு திசைத் தண்டவாளங்கள் கூடுகின்றன. அரக்கோணத்திலிருந்து புத்தூர் வழியாக ஒன்று வருகிறது. கூடூரிலிருந்து காளஹஸ்தி வழியாக ஒன்று. கடப்பாவிலிருந்து கோடூர் வழியாக ஒன்று. காட்பாடியிலிருந்து பாகாலா, திருப்பதி வழியாக இன்னொன்று. இந்தக் கடைசித் தடத்தில் திருப்பதிக்கும் காட்பாடிக்கும் இடைப்பட்ட 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை 1,332 கோடி ரூபாய்ச் செலவில் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. மலைக்குப் போகும் பக்தர்களுக்கும், சிகிச்சைக்காக வேலூர் போகும் நோயாளிகளுக்கும் அது நல்ல செய்தி. அந்தச் செய்திக்குள் அதிகம் பேசப்படாத வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாவது தண்டவாளம் வரும்போது வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தின் சிக்னல் திட்டமும் மாறும். எந்தப் பாயிண்ட் (தடம் மாற்றும் அமைப்பு) எந்தப் பக்கம் திரும்பியிருந்தால் எந்த சிக்னல் பச்சை காட்டலாம் என்ற அட்டவணை மாறும். ரிலே அறையின் சுற்று வரைபடம், பாதையோர லொகேஷன் பாக்ஸ்களின் இணைப்பு வரைபடம், கேட்டுகளின் வயரிங் எல்லாம் மாறும். ஒவ்வொன்றையும் ஒருவர் வரைய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், மூன்றாமவர் கையெழுத்திட வேண்டும்.

ரயில்வேக்கு மட்டுமான வேலை அல்ல இது. ரேணிகுண்டா மண்டலத்தின் கரகம்பாடியில் அமரராஜாவின் பேட்டரி ஆலை இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி மின்னணு ஆலைகள் வளர்ந்திருக்கின்றன. பக்கத்து ஏர்ப்பேட்டில் 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடி இருக்கிறது. அமிலக் குழாய் எங்கே எந்த வால்வோடு சேர்கிறது என்பதும், ஒரு சர்க்யூட் போர்டில் எந்தக் கால் எந்தக் காலோடு இணைகிறது என்பதும் வரைபடத்தில்தான் வாழ்கின்றன. இப்போது இந்த வரைபட மேசைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்திருக்கிறது. 'இரண்டாவது பம்புக்கு ஒரு மாற்றுப் பாதை சேர்த்து, அதில் ஒரு வால்வு வை' என்று சாதாரண வாக்கியத்தில் எழுதினால் வரைபடம் திருத்தப்பட்டு வருகிறது. வாக்கியத்திலிருந்து முப்பரிமாண உதிரிப்பாகம் உருவாக்கும் கருவிகள் 2023இல் வெளியாயின. ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான நிரலைப் பேச்சுமொழியில் கேட்டு வாங்கும் துணைவனைச் சீமென்ஸும் மைக்ரோசாஃப்டும் அதே ஆண்டில் அறிவித்தன. காலக்கெடு நெருக்கும் அலுவலகங்களுக்கு இது பெரிய ஆசையைக் காட்டுகிறது. பத்து நாள் வேலை ஒரு பிற்பகலில் முடியும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கருவியை நாம் தவறான முனையிலிருந்து பிடிக்கிறோம் என்று நினைக்கிறேன். பொறியியல் வரைபடங்களால் நேர்ந்த பெரிய துயரங்களை எடுத்துப் பார்த்தால், கோடு போடத் தாமதமானதால் யாரும் சாகவில்லை. காகிதம் ஒன்று சொல்ல, களத்தில் கம்பி வேறொன்று சொன்னதால் செத்திருக்கிறார்கள். சிறு திருத்தம் ஒன்றை யாரும் முழுதாகப் படித்துப் பார்க்காததால் செத்திருக்கிறார்கள். ஆகவே இயந்திரத்துக்கு முதலில் தர வேண்டிய வேலை வரைவது அல்ல, வாசிப்பது. இருக்கும் வரைபடங்களை வாசிக்கவும், ஒன்றோடொன்று ஒப்பிடவும், பொருந்தாத இடத்தைச் சுட்டிக் காட்டவும், கேள்விக்குப் பதில் சொல்லவும் அதைப் பழக்க வேண்டும். அதில் நம்பிக்கை பிறந்த பிறகு பேனாவைக் கொடுக்கலாம்.

2023 ஜூன் 2 மாலை ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே பஹாநாகா பஜார் நிலையத்தில் நடந்ததை நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகலாம் என்று சிக்னல் காட்டியது. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலையத்தின் வடக்கு சிக்னல் கும்டியில் (பாதையோரச் சிறு அறையில்) முன்பு எப்போதோ செய்த சுற்று மாற்றத்தில் இருந்த குறைகளும், 94ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின்சாரத் தடுப்புக் கம்பத்தை மாற்றும் பணியின்போது நேர்ந்த குறைகளும் காரணம் என்று ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. லொகேஷன் பாக்ஸில் கம்பிகளுக்கு இடப்பட்டிருந்த பெயர்க்குறிகள் தவறாக இருந்தும் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 79ஆம் எண் கேட்டுக்கான வரைபடத்தை வைத்துக்கொண்டு 94ஆம் எண் கேட்டில் வேலை பார்த்தார்கள் என்பது சிபிஐ நீதிமன்றத்தில் வைத்த வாதம். அந்த வாதத்தின் முடிவு எப்படியாயினும், ஆணையரின் பரிந்துரைகள் எங்கே கை வைக்கின்றன என்று பாருங்கள்: முடிந்த வேலைகளின் வயரிங் வரைபடங்களையும் களத்திலுள்ள பெயர்க்குறிகளையும் ஒரு தனி இயக்கமாகவே புதுப்பிக்க வேண்டும், சுற்றில் எந்த மாற்றத்தையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வைத்து, அதிகாரி ஒருவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். புதிய வரைபடங்களை வேகமாக வரையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே இருப்பவை உண்மையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள் என்றார்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கோளாறும் அல்ல. லண்டனின் கிளாப்பம் சந்திப்பில் 1988 டிசம்பர் 12 அன்று 35 பேர் இறந்தார்கள். சிக்னல் புதுப்பிப்புப் பணியில் கழற்றியிருக்க வேண்டிய ஒரு பழைய கம்பி, முனை வெட்டப்படாமல், மூடப்படாமல் தொங்கி, மறுபடி பழைய இடத்தையே தொட்டுவிட்டது. தண்டவாளத்தில் ரயில் நின்றபோதும் சிக்னல் வழிவிட்டது. அந்த வேலையைச் செய்த தொழில்நுட்பர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார். வரைபடத்தில் எத்தனை கம்பியோ முனையிலும் அத்தனைதானா என்று இன்னொருவர் தனியாக எண்ணிப் பார்த்திருந்தால் அந்தக் கம்பி பிடிபட்டிருக்கும், யாரும் எண்ணவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1981 ஜூலை 17 அன்று ஹயாட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் சரிந்து 114 பேர் இறந்தது இன்னும் நேரடியான பாடம். மேல்நடை, கீழ்நடை இரண்டையும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாக முதலில் திட்டமிட்டிருந்தார்கள். செய்வதற்கு எளிது என்பதால் அதை இரண்டு குட்டைக் கம்பிகளாக மாற்றினார்கள். தாளில் பார்த்தால் அற்பமான திருத்தம். மேல்நடையின் உத்திரப் பிணைப்பிலோ சுமை இரட்டிப்பாகிவிட்டது. பட்டறை வரைபடம் பொறியாளர்களின் முத்திரையோடுதான் போனது. அந்தப் பிணைப்பை யாரும் மறுபடி கணக்கிடவில்லை. 'ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்துவிடு' என்று இன்று ஒரு மென்பொருளிடம் சொன்னால் நொடியில் பிரித்துத் தரும். பிரிக்கக் கூடாது என்று சொல்லுமா என்பதே கேள்வி.

வரைபடத்தை இயந்திரம் வாசிக்க முடியுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி தெம்பு தரும். கிளாட் ஷானன் 1937இல் தம் முதுகலை ஆய்வேட்டில் ரிலே சுற்றுகள் அனைத்தையும் தர்க்கச் சமன்பாடுகளாக எழுதலாம் என்று காட்டினார். இரண்டு தொடுமுனைகளை வரிசையாக இணைத்தால் 'இதுவும் அதுவும்'. பக்கம்பக்கமாக இணைத்தால் 'இது அல்லது அது'. ரயில்வேயின் இன்டர்லாக்கிங் என்பதே இப்படி எழுதக்கூடிய ஒரு நீண்ட வாக்கியம்: பாதை சரியாகப் பூட்டப்பட்டிருந்து, தடத்தில் வண்டி இல்லாமல் இருந்து, கேட் மூடியிருந்து, எதிர்ப்பாதை எதுவும் திறக்காமல் இருந்தால் மட்டும் சிக்னல் விழலாம். கணினி வழி இன்டர்லாக்கிங்கில் இந்தத் தர்க்கம் உண்மையிலேயே சமன்பாடுகளாகத்தான் குடியிருக்கிறது. 2009இல் பிளான்ட்யுஎம்எல், 2014இல் மெர்மெய்ட் என்று மென்பொருள் உலகமும் எழுத்தாலேயே படம் வரையும் முறைகளை வளர்த்துக்கொண்டது. மொழி மாதிரிகள் இன்று வரைபடம் தருகின்றன என்றால் பெரும்பாலும் இத்தகைய எழுத்து வடிவத்தைத்தான் தருகின்றன. அதை இன்னொரு மென்பொருள் படமாக்குகிறது. படமாகவே தீட்டித் தரும் கருவிகளை இந்த வேலைக்கு அருகிலேயே விடக் கூடாது. அவற்றில் ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தொடுவதுபோல் தெரியும், ஆனால் இணைப்பு என்ற தகவல் அங்கே இருக்காது. அழகான வரைபடம்போல் இருக்கும் வெறும் ஓவியம் அது.

எழுத்தாக இருப்பதைக் கேள்வி கேட்கலாம். இங்கேதான் பேச்சுமொழியின் உண்மையான பயன் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'இந்த கேட்டின் கட்டுப்பாட்டுக் கம்பி எந்தெந்தப் பெட்டிகள் வழியாகப் போகிறது? இந்த ஃபியூஸ் எரிந்தால் எந்த சிக்னல் சிவப்பாகும்? சென்ற ஆண்டின் தாளுக்கும் இந்த ஆண்டின் தாளுக்கும் எந்த முனையில் வேறுபாடு?' இவற்றுக்கு விடை தேடி ஒரு மூத்த சூப்பர்வைசர் பாதிநாள் தாள் புரட்டுகிறார். ஓய்வுபெறும்போது அந்த நினைவாற்றலையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். இயந்திரம் தாள் எண், முனை எண் காட்டிப் பதில் சொன்னால், அந்த இடத்தைத் திறந்து பார்த்து சரியா தவறா என்று ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். தவறாக வாசித்தாலும் ஒரு நிமிடம்தான் நட்டம். தவறாக வரைந்தால் என்ன நட்டம் என்று மேலே சொன்ன மூன்று இடங்களும் சொல்கின்றன. ரேணிகுண்டா வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிப் பலனும் உண்டு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஊர் இது. மாநில எல்லைக்கோடு மாறியபோதும் புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கம் வீடுகளில் தமிழ் நிற்கவே செய்கிறது. வரைபடத்தின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஐடிஐ முடித்த ஃபிட்டர் தம் மொழியில் கேட்டு, தம் மொழியில் விளக்கம் பெற முடிந்தால், இதுவரை அதிகாரியின் மேசையில் மட்டும் பேசிய தாள் அவரிடமும் பேசும். தப்பாகத் தோன்றுவதைத் தட்டிக் கேட்கும் துணிவு அவருக்கு அதிலிருந்து வரக்கூடும். ஒரே நிபந்தனை: முனை எண்ணும் ரிலே பெயரும் எழுத்துப் பிசகாமல் மூலத்தில் உள்ளபடியே நிற்க வேண்டும். அவற்றை மொழிபெயர்க்கத் தொடங்கினால் பஹாநாகாவின் பெயர்க்குறிக் குழப்பத்தை நாமே கணினியில் உற்பத்தி செய்வோம்.

வரையச் சொல்லும்போது நிலைமை வேறு. பொறியியல் வரைபடம் என்ற ஒன்று உருவானதே வாய்ச்சொல் போதாது என்பதால்தான். ஓர் எடுத்துக்காட்டு போதும். 'சாதாரணமாக மூடியது' என்ற தொடர் எல்லா ஆலைகளிலும் புழங்குகிறது. மின்சாரத் தொடுமுனையைப் பற்றிச் சொன்னால், அதில் சாதாரண நிலையில் மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். வால்வைப் பற்றிச் சொன்னால், அதில் சாதாரண நிலையில் எதுவும் ஓடவில்லை என்று பொருள். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு நிலைகள். அமிலக் குழாயையும் அதைக் கட்டுப்படுத்தும் சுற்றையும் ஒரே வாக்கியத்தில் விவரிக்கும் பொறியாளர் மனத்தில் அது தெளிவாக இருக்கும்; வாக்கியத்தில் இருக்காது. எதிரில் இருப்பவர் அனுபவமுள்ள டிராஃப்ட்ஸ்மேன் என்றால் 'சார், எதைச் சொல்றீங்க?' என்று கேட்பார். இன்றைய கருவிகள் கேட்பதைவிட ஊகிப்பதையே அதிகம் செய்கின்றன. ஊகித்ததைத் தயக்கமில்லாத கோடாகத் தருகின்றன. மனிதர் வரையும் தாளில் ஐயம் வந்த இடத்தில் ஒரு பென்சில் வட்டமோ கேள்விக்குறியோ இருக்கும். இயந்திரத்தின் தாளில் அறிந்ததும் ஊகித்ததும் ஒரே கனத்தில் இருக்கின்றன.

திருத்தச் சொன்னால் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஒரு வால்வை மாற்று என்றால் சில கருவிகள் முழு வரைபடத்தையும் மறுபடி எழுதித் தருகின்றன. கேட்ட மாற்றம் சரியாகவே இருக்கும். கேட்காத மூலையில் ஒரு இணைப்பு காணாமல் போயிருக்கலாம், ஒரு எண் நகர்ந்திருக்கலாம். கேட்ட இடத்தைப் பார்த்துத் திருப்தியடைந்த கண் அந்த மூலைக்குப் போகாது. ஆகவே இயந்திரம் தரும் எந்தத் திருத்தமும் முழுத் தாளாக ஏற்கப்படக் கூடாது. பழையதில் எது நீங்கியது, புதிதாக எது சேர்ந்தது என்ற பட்டியல்தான் கையெழுத்துக்கு வர வேண்டும். அந்தப் பட்டியலை வரைந்த இயந்திரமே தயாரிக்கக் கூடாது. இரண்டு கோப்புகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரண நிரல் தயாரிக்க வேண்டும். சர்க்யூட் போர்டு வடிவமைப்பில் இந்த ஒழுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. விதிச் சோதனை தேறாத போர்டை யாரும் ஆலைக்கு அனுப்புவதில்லை. அதே ஒழுக்கம் குழாய் வரைபடத்துக்கும் சிக்னல் வரைபடத்துக்கும் வர வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாலேஸ்வரிலும் கிளாப்பமிலும் கன்சாஸிலும் தவறியது மனிதர்கள்தான், இயந்திரம் அல்ல. களைத்த மனிதரைவிடக் களைக்காத இயந்திரம் மேல் அல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான், மேல்தான், எந்த வேலையில் களைக்காமை தேவையோ அந்த வேலையில். ஆயிரம் முனைகளைத் தாளோடு ஒப்பிடுவதில் பதின்மூன்று வாரத்தில் ஒரே நாள் ஓய்ந்த மனிதர் தவறுவார், இயந்திரம் தவறாமல் இருக்கப் பழக்கலாம். கன்சாஸில் தேவைப்பட்டது வேறு. 'இதை மாற்றினால் சுமை எங்கே போகும்?' என்று நின்று யோசிக்கும் ஒருவர் அங்கே வேண்டியிருந்தது. தவறினால் பொறுப்பேற்கும் ஒருவர். அந்தப் பொறியாளர்கள் தங்கள் உரிமத்தை இழந்தார்கள். மென்பொருளுக்கு இழக்க உரிமம் இல்லை. வேகத்தைப் பற்றிய மறுப்பும் இதே இடத்தில்தான் தட்டுகிறது. சிக்னல் வேலையில் காலம் பிடிப்பது கோடு போடுவதற்கு அல்ல, சரிபார்ப்பதற்கு. வரைவதைப் பத்து மடங்கு வேகமாக்கிவிட்டு, சரிபார்க்கும் ஆட்களை அதே எண்ணிக்கையில் வைத்திருந்தால், அந்த நாற்காலியில் தாள்கள் குவியும். குவியும் தாளுக்குப் படிக்காத கையெழுத்து விழும்.

டிராஃப்ட்ஸ்மேன்களின் வேலை என்னாகும் என்ற கேள்வியை நான் எளிதில் கடந்து போக விரும்பவில்லை. ஐடிஐயில் இரண்டு ஆண்டு டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு, கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை அலுவலகத்துக்குள் நுழையக் கிடைத்த வாசல்களில் ஒன்று. அங்கே அவர்கள் வரையப் பழகுவதன் வழியாகவே வாசிக்கப் பழகுகிறார்கள். நூறு தடவை வரைந்த கைக்குத்தான் நூற்றொன்றாவது தாளில் ஏதோ உறுத்துகிறது என்று தெரியும். வரைவதை முழுவதும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், அதன் வரைபடத்தில் தவறு கண்டுபிடிக்கக்கூடிய தலைமுறையை உருவாக்குவதையும் நிறுத்திவிடுகிறோம். பள்ளி, கல்லூரிகளுக்கான வரைபட நடைமுறைக் கையேட்டை இந்தியத் தர நிறுவனம் எஸ்பி 46 என்ற பெயரில் 1988இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு பரவிய கணினி வரைகலையை நம் பாடத்திட்டங்கள் எப்படியோ உள்வாங்கிக்கொண்டன. இப்போது சேர வேண்டியது இன்னொரு பாடம்: இயந்திரம் வரைந்த தாளில் தவறு கண்டுபிடிக்கும் பயிற்சி, களத்துக்குப் போய்க் கம்பியை எண்ணித் தாளில் சிவப்பு மையால் திருத்தும் பயிற்சி. இந்த வேலைக்கு ஆட்கள் நிறையவே தேவைப்படுவார்கள், நாம் அதை வேலை என்று மதித்துச் சம்பளம் கொடுத்தால்.

காட்பாடிப் பாதை இதற்கெல்லாம் நல்ல தொடக்க இடம். இரண்டாவது தண்டவாளத்துக்கான வரைபடங்களைக் கேட்பதற்கு முன், இப்போது இருக்கும் ஒற்றைப் பாதையின் நிலையங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் சுற்று வரைபடங்களை வெறும் ஸ்கேன் படங்களாக அல்லாமல் கணினி வாசிக்கும் எழுத்தாக மாற்றலாம். வரைபடங்கள் அயல்நாட்டுச் சேவையகங்களுக்குப் போகாமல், நிறுவனத்தின் சொந்தக் கணினியிலேயே ஓடும் மாதிரியைப் பயன்படுத்தலாம். ஏர்ப்பேட்டு ஐஐடி மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் பக்கத்தில் இல்லை. ஐடிஐ இளைஞர்கள் சிக்னல் ஊழியரோடு போய் ஒவ்வொரு லொகேஷன் பாக்ஸையும் திறந்து, முனைகளைப் படமெடுத்து, பெயர்க்குறிகளைப் பதிவு செய்யட்டும். இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றைப் பட்டியலிடட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓர் அதிகாரி நேரில் போய் தாள் சரியா, கம்பி சரியா என்று எழுதிக் கையெழுத்திடட்டும். எத்தனை வரி பொருந்தவில்லை என்பது அந்த ஒரு நிலையத்திலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த நிலையத்தின் புதிய வரைபடத்தில் எந்தப் பகுதியை இயந்திரம் வரையலாம், எதை மனிதர் வரைய வேண்டும் என்று இந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் குண்டக்கல் ரயில்வே கோட்டத்தின் பொறியாளர்கள் முடிவு செய்யலாம்.